தரவுத்தளக் காவல்காரர்களும் பொதி மேலாளர்களும்

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. இந்திய நேரப்படி காலை பதினொரு மணி வாக்கில் உலகம் முழுக்க இணையம் திணற ஆரம்பித்தது. தென் கொரியாவில் இணையம் ஏறக்குறைய படுத்தே விட்டது. அமெரிக்காவில் பாங்க் ஆஃப் அமெரிக்காவின் பெரும்பாலான ஏடிஎம்களில் பணம் எடுக்க முடியவில்லை. ஒஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸே என்கிற அணுமின் நிலையத்தில், உலையின் பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கண்காணிப்புத் திரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வேலை செய்யவில்லை (நல்ல வேளை, அப்போது அந்த உலை ஓடிக்கொண்டிருக்கவில்லை!). இத்தனைக்கும் காரணம் வெறும் 376 பைட் அளவுள்ள ஒரு புழு. பெயர் ஸ்லாமர். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2000 என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்த ஓட்டை வழியே நுழைந்து, பத்தே நிமிடத்தில் அகப்பட வேண்டிய கணினிகளில் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிட்டது. மொத்தம் குறைந்தது 75,000 கணினிகள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது. அப்புறம் ஏன் யாரும் போடவில்லை? சோம்பேறித்தனம் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. பலருக்குத் தங்கள் கணினியில் அந்தத் தரவுத்தளம் இருப்பதே தெரியாது. எம்எஸ்டிஈ என்ற பெயரில் அதன் சின்ன வடிவம் ஒன்று வேறு பல மென்பொருள்களின் வயிற்றுக்குள் ஒளிந்து வந்தது. யாரோ எதற்கோ ஒரு மென்பொருளை நிறுவியிருப்பார்கள், கூடவே தரவுத்தளமும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். கடையில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று எழுதிவைத்த இருப்புப் புத்தகமே இல்லையென்றால், கெட்டுப்போன சரக்கை எப்படி எடுத்து எறிவது?

அந்த இருப்புப் புத்தகத்தின் பெயர்தான் பொதி மேலாளர். அதன் கதை ஸ்லாமருக்குப் பத்து வருடம் முன்பே, கணினி உலகின் வேறொரு மூலையில் தொடங்கிவிட்டது.

லினக்ஸின் ஆரம்ப காலத்தில் ஒரு மென்பொருளை நிறுவுவது என்றால் மூல நிரலைத் தரவிறக்கி, கட்டவிழ்த்து, தொகுத்து, கடைசியில் 'மேக் இன்ஸ்டால்' என்று தட்ட வேண்டும். கோப்புகள் நாலா பக்கமும் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கோப்பு எங்கே போனது என்று எங்கும் குறிப்பு இருக்காது. ஆறு மாதம் கழித்துப் புதிய பதிப்பு வந்தால் பழையதன் மேலேயே கொட்ட வேண்டியதுதான். பழையதில் இருந்த, புதியதில் இல்லாத கோப்புகள் அனாதையாக அங்கேயே கிடக்கும். ஒரு கணினி என்றால் பரவாயில்லை. ஐம்பது வழங்கிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அது நரகம்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற இருபது வயது மாணவர், பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே டெபியன் திட்டத்தை அறிவித்தார். (தோழி டெப்ராவின் பெயரில் பாதியும் தன் பெயரும் சேர்ந்ததுதான் டெபியன். காதலிக்குக் கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், இவர் இயங்குதளமே செய்துவிட்டார்!) 1994-ல் டெபியனுக்கு டிபிகேஜி என்ற பொதி மேலாளர் வந்தது. இன்னொரு இயன், அதாவது இயன் ஜாக்சன், அதை சி மொழியில் திருத்தி எழுதினார். 1995-ல் ரெட் ஹாட் லினக்ஸ் 2.0 தன் பங்குக்கு ஆர்பிஎம் என்ற பொதி வடிவத்தோடு வந்தது. அதன் பின்னால் இருந்தவர்கள் எரிக் ட்ரோனும் மார்க் யூவிங்கும்.

இரண்டுமே செய்த முக்கியமான வேலை ஒன்றுதான்: கணக்கு எழுதியது. எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, அதற்குச் சொந்தமான கோப்புகள் எவை, அது வேலை செய்ய வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும் என்று எல்லாம் ஒரு பேரேட்டில் பதிவாகும். கேட்டால் சொல்லும். நீக்கச் சொன்னால் மிச்சமில்லாமல் நீக்கும்.

ஆனால் கணக்குப்பிள்ளை கணக்குதான் எழுதுவார், சந்தைக்குப் போய் சாமான் வாங்கி வரமாட்டார். 'இந்தப் பொதிக்கு அந்தப் பொதி வேண்டும்' என்று சொல்லிவிட்டு ஆர்பிஎம் கைகட்டி நிற்கும். அந்தப் பொதியைத் தேடி எடுத்து வந்தால் அதற்கு இன்னும் மூன்று வேண்டும் என்று சொல்லும். அந்த மூன்றில் ஒன்று முதல் பொதியின் பழைய பதிப்பைக் கேட்கும். 'சார்பு நரகம்' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதற்கு விடை டெபியனில்தான் முதலில் வந்தது. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1-ல் 'ஆப்ட்' அறிமுகமானது. இணையத்தில் களஞ்சியம் ஒன்று இருக்கும். வேண்டிய பொதியின் பெயரை மட்டும் சொன்னால் போதும், அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஆப்ட் தானே கண்டுபிடித்து, வரிசைப்படி இறக்கி, நிறுவிவிடும். எல்லாப் பொதிகளையும் மேம்படுத்த ஒரே ஒரு கட்டளை. உதவிப் பக்கத்தின் அடியில் 'இந்த ஆப்டுக்கு சூப்பர் பசு சக்திகள் உண்டு' என்று ஒரு வரி இருக்கும். 'ஆப்ட்-கெட் மூ' என்று தட்டினால் எழுத்துகளால் வரைந்த பசு ஒன்று வந்து நிற்கும். இவ்வளவு சீரியஸான கருவிக்குள் இப்படி ஒரு குறும்பு!

ரெட் ஹாட் பக்கத்தில் இந்த வசதி வர இன்னும் சில வருடங்கள் ஆயின. ஆப்பிளின் பவர்பிசி கணினிகளுக்காக யெல்லோ டாக் என்ற லினக்ஸ் இருந்தது. அதில் 'யப்' என்றொரு மேம்படுத்தும் கருவி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் கணினிகளைப் பராமரித்து வந்த செத் விடால், மைக்கேல் ஸ்டென்னருடன் சேர்ந்து அதைத் திருத்தி எழுதி 'யம்' என்று பெயரிட்டார். பெரிய நிறுவனம் எதுவும் திட்டம் போட்டுச் செய்ததல்ல, துறையில் இருந்த கணினிகளைச் சமாளிக்கச் செய்தது. சில வருடங்களில் ஃபெடோரா, சென்ட்ஓஎஸ், ரெட் ஹாட் என்று ஏராளமான வழங்கிகள் யம்மை நம்பி ஓடின. விடால் 2013 ஜூலையில் டர்ஹாம் நகரில் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தார். மோதியவர் நிற்காமல் போய்விட்டார். யம்மின் வாரிசான டிஎன்எஃப் 2015-ல் ஃபெடோரா 22-ல் அதன் இடத்தைப் பிடித்தது.

சரி, கண்காணிப்புக்கு வருவோம். ஆப்ட் வெளியான அதே 1999 மார்ச்சில்தான் ஈதன் கால்ஸ்டாட் என்பவர் 'நெட்செயின்ட்' என்ற மென்பொருளை வெளியிட்டார். வழங்கிகள் உயிரோடு இருக்கின்றனவா, தரவுத்தளம் பதில் சொல்கிறதா, வட்டில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து, பதில் இல்லையென்றால் ஆளை எழுப்பும் மென்பொருள். பெயர் தொடர்பான சிக்கலால் 2002-ல் அது 'நாகியோஸ்' ஆனது. தரவுத்தளம் படுத்தால் நடுராத்திரியில் கைபேசிக்குச் செய்தி அனுப்பி எழுப்பியது பல இடங்களில் இந்த நாகியோஸ்தான்.

கண்காணிப்பு மென்பொருளை மேம்படுத்துவது மற்ற மென்பொருளை மேம்படுத்துவது மாதிரி இல்லை. ஓர் உரைத்திருத்தியை மேம்படுத்தி அது கெட்டுப்போனால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். காவல்காரரை மாற்றி, புது ஆள் தூங்கிவிட்டால்? திருடன் வந்து போன பிறகுதான் தெரியும். எச்சரிக்கை வரவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: எல்லாம் நன்றாக இருக்கிறது, அல்லது எச்சரிக்கை சொல்ல வேண்டியதே செத்துவிட்டது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பொதி மேலாளர்களைச் செய்தவர்களுக்கு இது புரிந்தே இருந்தது. டெபியனில் ஒரு பொதியை மேம்படுத்தும்போது, நிர்வாகி கையால் திருத்திய அமைப்புக் கோப்பு இருந்தால் டிபிகேஜி நின்று கேட்கும்: புதியதை வைக்கவா, உன்னுடையதையே விட்டுவிடவா, வித்தியாசத்தைக் காட்டவா? பதில் சொல்லாமல் என்டரைத் தட்டினால் பழையது அப்படியே இருக்கும். ஆர்பிஎம் கேள்வி கேட்காது. பழையதை வைத்துக்கொண்டு புதியதைப் பக்கத்தில் வேறு பெயரில் வைத்துவிட்டுப் போகும், அல்லது பொதி செய்தவர் சொன்னபடி பழையதை ஓரமாக ஒதுக்கிப் புதியதை வைக்கும். திரையில் ஓடும் ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லையென்றால் அவ்வளவுதான்.

பெரிய பதிப்பு மாற்றங்களுக்கு டெபியன் கண்ட வழி இன்னும் எளிமையானது: பெயரையே மாற்றிவிடுவது! நாகியோஸ், நாகியோஸ்2, நாகியோஸ்3, நாகியோஸ்4 என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பொதி. வழக்கமான மேம்படுத்தலில் 2 இருந்த இடத்தில் 3 தானாக வந்து உட்காராது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கும் இதே கதைதான். அதன் பெரிய பதிப்புகள் ஒன்றின் தரவுக் கோப்பை இன்னொன்று நேரடியாகப் படிக்காது. அதனால் பழையதும் புதியதும் ஒரே வழங்கியில் பக்கத்து பக்கத்தில் இருக்கும்படி பொதிகளை அமைத்து, நிர்வாகிக்கு வசதிப்பட்ட நேரத்தில் தரவை மாற்றிக்கொள்ள விட்டார்கள்.

அப்படியும் அடி விழுந்தது. தொலைவில் இருக்கும் வழங்கிகளில் நாகியோஸின் கையாளாக என்ஆர்பிஈ என்ற சிறு மென்பொருள் ஓடும். 'தரவுத்தளத்தைப் பார், இந்த அளவைத் தாண்டினால் சொல்' என்று மையத்திலிருந்து அதற்கு அளவுருக்களை அனுப்ப முடியும். இது ஆபத்தான வசதி என்று அதை எழுதியவர்களுக்கே தெரியும். அதனால்தான் அதை இயக்கும் அமைப்புக்கு 'என்ஆர்பிஈ-யைத் திட்டாதே' என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தார்கள்! 2014-ல் இதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. டெபியன் காரர்கள் யோசித்துப் பார்த்து, அந்த வசதியையே எடுத்துவிட்டுப் பொதியைக் கட்டினார்கள். டெபியன் 8-க்கு, அதாவது 2015-ல், மேம்படுத்தியவர்களின் வழங்கிகளில் அளவுருவை நம்பியிருந்த சோதனைகள் எல்லாம் நின்றுபோயின. அமைப்புக் கோப்பில் 'அனுமதி' என்று எழுதியே இருக்கும், ஆனால் மென்பொருள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. பாதுகாப்புக் கோணத்தில் டெபியன் செய்தது சரிதான். ஆனாலும் சிவப்பு விளக்குகள் நிறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நேரத்தில் யாரைத் திட்டியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சில நேரம் கண்காணிக்கப்படும் பொருளே மாறிப்போனது. 2008-ல் மைஎஸ்க்யூஎல்லை சன் நிறுவனம் வாங்கியது. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. ஆரக்கிளை நம்பாதவர்கள் மைஎஸ்க்யூஎல் நிரலிலிருந்து கிளைத்து மரியாடிபி என்று தனியே போனார்கள். 2014-ல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் 7-ம், 2017-ல் டெபியன் 9-ம் மரியாடிபி பக்கம் சாய்ந்தன. இயங்குதளத்தை மேம்படுத்தினால் தரவுத்தளம் வேறு நிறுவனத்துடையதாகிவிடும்! இதில் ஒரு வேடிக்கை. பழைய மைஎஸ்க்யூஎல் வழங்கிகள் பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை வைத்து முடிவெடுக்கும் என்பதால், மரியாடிபி 10 தன் எண்ணுக்கு முன்னால் 5.5.5 என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டது. அந்த முன்னொட்டை நீக்கத் தெரியாத கருவிகளுக்கு அது 5.5.5 ஆகத்தான் தெரிந்தது.

பெயர் மாற்றும் தந்திரம் இன்றுவரை ஓயவில்லை. மைஎஸ்க்யூஎல் வல்லுநர்களான பீட்டர் சைட்சேவும் வாடிம் ட்கச்சென்கோவும் 2006-ல் தொடங்கிய பெர்கோனா நிறுவனம், 2016-ல் பிஎம்எம் என்ற தரவுத்தளக் கண்காணிப்பு மென்பொருளை வெளியிட்டது. மையத்தில் ஒரு சர்வர் பகுதி, ஒவ்வொரு தரவுத்தள வழங்கியிலும் ஆப்ட் அல்லது யம் வழியாக நிறுவும் ஒரு கிளையன்ட் பகுதி. மேம்படுத்தும்போது மையத்தை முதலில், கிளையன்ட்களைப் பிறகு என்பது விதி. ஏனென்றால் புது கிளையன்ட் பேசுவது பழைய மையத்துக்குப் புரியாமல் போகலாம். 2019-ல் வந்த இரண்டாம் பதிப்புக்கு முதலாம் பதிப்பிலிருந்து நேர்வழியே கிடையாது. கிளையன்ட் பொதியின் பெயரில் ஒரு '2' சேர்ந்தது, பழைய அளவீடுகள் புதியதற்கு வரவில்லை. புது வருடப் பேரேட்டைத் திறந்து ஆரம்ப இருப்பை எழுதாமல் விட்டது மாதிரி! பழையதையும் கொஞ்ச நாள் கூடவே ஓடவிட்டு, புதியதில் போதுமான வரலாறு சேர்ந்த பிறகு பழையதை அணைக்க வேண்டியிருந்தது. 2025-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பொதியின் பெயரில் இருந்த அந்த '2' மறுபடி காணாமல் போனது.

இந்தப் பதிப்புக் குழப்பமும் கேட்காமல் போன எச்சரிக்கையும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜனவரி 31 சாட்சி. நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்துக்கொள்ளும் கிட்லேப் தளத்தில் அன்றிரவு தரவுத்தளத்தின் சுமை ஏறியது. துணை வழங்கி, முதன்மை வழங்கிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது. அதைச் சரிசெய்ய, துணை வழங்கியில் இருந்த தரவுக் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி நகலெடுக்க முயன்றார் ஒரு பொறியாளர். அழிக்கும் கட்டளையைத் தட்டி ஓரிரு நொடியில் அவருக்கு உறைத்தது, தான் இருப்பது துணை வழங்கியில் இல்லை, முதன்மை வழங்கியில் என்று! நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

கை தவறுவது யாருக்கும் நடக்கும். மறுபிரதி எதற்கு இருக்கிறது? போய்ப் பார்த்தால் மறுபிரதி இருக்க வேண்டிய இடம் காலி. தினமும் நகலெடுக்கும் வேலை, தரவுத்தள வழங்கியில் அல்லாமல் வேறொரு வழங்கியில் ஓடியது. கிட்லேப்பின் பொதிக்குள் போஸ்ட்கிரெஸ் 9.2, 9.6 இரண்டின் கருவிகளும் இருந்தன. எதைப் பயன்படுத்துவது என்று தரவுக் கோப்புறையைப் பார்த்துப் பொதி முடிவு செய்யும். அந்த வழங்கியிலோ தரவுக் கோப்புறையே இல்லை. எனவே 'பழையதாகத்தான் இருக்கும்' என்று 9.2-ஐ எடுத்துக்கொண்டது. தரவுத்தளம் 9.6. பதிப்பு பொருந்தவில்லை என்று நகலெடுப்பு தினமும் பிழை சொல்லி நின்றுபோனது. பிழை வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. அனுப்பவும் செய்தது. ஆனால் அந்த மின்னஞ்சல்களில் உரிய அடையாளச் சரிபார்ப்பு இல்லாததால், பெறும் வழங்கி அவற்றைத் திருப்பித் தள்ளிவிட்டது. காவல்காரர் தினமும் கத்தியிருக்கிறார், யாருக்கும் கேட்கவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். அதே பொறியாளர், வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு தரவுத்தளத்தை ஒரு நகல் எடுத்திருந்தார். அதிலிருந்துதான் தளம் மீண்டது. சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போனது போனதுதான். ஒரு விஷயத்துக்காகக் கிட்லேப்பைப் பாராட்ட வேண்டும். எதையும் மறைக்காமல், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். தவறு செய்த பொறியாளரின் பெயரை அறிக்கையில் போடவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு 'மேம்படுத்தவே வேண்டாம், ஓடுவதை அப்படியே விட்டுவிடலாம்' என்று தோன்றலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது, ஆப்டிலேயே ஒரு பொதியை மேம்படுத்தாமல் நிறுத்திவைக்கக் கட்டளை உண்டு. ஆனால் ஸ்லாமர் பிடித்ததும் 'ஓடுவதை அப்படியே விட்டவர்களை'த்தான். லினக்ஸ் காரர்களும் இதில் பெருமைப்பட முடியாது. 2002 செப்டம்பரில் ஸ்லாப்பர் என்ற புழு, ஒரு கட்டளையில் அடைத்திருக்கக்கூடிய ஓட்டை வழியே லினக்ஸ் வழங்கிகளுக்குள் புகுந்தது. இருப்புப் புத்தகம் இருந்தும் திறந்து பார்க்காதவர்கள்!

மேம்படுத்தியதாலேயே விஷம் உள்ளே வந்த கதையும் உண்டு. 2024 மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், தரவுத்தளத்தின் வேகத்தைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தார். அளவு சரியாக வரக் கணினி அமைதியாக இருக்க வேண்டும். ஆனால் எஸ்எஸ்ஹெச் சேவை காரணமில்லாமல் செயலியைத் தின்றுகொண்டிருந்தது. உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுத்தது. அரை நொடி! வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். சில வாரம் முன்பு பொதிகளை மேம்படுத்திய பின் தன் சோதனைகளில் வந்த ஒரு விசித்திரமான புகாரும் அவருக்கு நினைவுக்கு வந்தது. தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சாதாரணச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ கள்ளக் கதவு ஒன்றை வைத்திருந்தார்கள். முறையான பதிப்பாகவே வெளியாகி, களஞ்சியத்தின் கையொப்பமும் பெற்று, டெபியனின் சோதனைக் கிளைகள் வரை அது வந்துவிட்டது. நிலையான பதிப்புக்கு மட்டும் இன்னும் போகவில்லை.

டெபியன் உடனே பழைய 5.4.5-க்குத் திரும்ப முடிவு செய்தது. அதிலும் ஒரு சிக்கல். சாதாரணமாக மேம்படுத்தச் சொன்னால் ஆப்ட் மேலேதான் போகும், எண் குறைவாக இருந்தால் தொடாது. அதனால் பழைய மென்பொருளையே எடுத்து, அதற்கு '5.6.1+ரியலி5.4.5' என்று பதிப்பு எண் கொடுத்து அனுப்பினார்கள். உலகம் முழுக்க இருந்த டெபியன் சோதனைக் கணினிகள் அதைப் புதிய பதிப்பு என்று நம்பி, வழக்கம்போல மேம்படுத்திக்கொண்டன.